தொட்டியில் வளர்ந்த பைன் மரம்

மலையில் ஓங்கி வளரும் இயல்புடைய பைன் மரத்தை, நான்கு விரற்கடை ஆழமுள்ள தொட்டியில் நூற்றாண்டுக் கணக்காக வாழவைக்கும் கலையை ஜப்பானியர் போன்சாய் என்பர். தட்டுத் தொட்டியில் நட்டது என்பதே அச்சொல்லின் பொருள்.

கலையின் பிறப்பிடம் சீனம். கி.பி. 706-இல் அமைந்த சாங்குவாய் இளவரசரின் கல்லறைச் சுவரோவியத்தில், சிறு மரங்கள் நட்ட தட்டினை ஏந்திச் செல்லும் பணியாளரைக் காண்கிறோம். ஜப்பானில் 1309-ஆம் ஆண்டைச் சார்ந்த ஓவியச் சுருளொன்றில் தொட்டி மரங்கள் தீட்டப்பட்டுள்ளன. நோ என்னும் பழைய நாடக வகையில் இம்மரங்களைப் பற்றிய கதையொன்று உண்டு. பனி பொழியும் இரவில் தன் குடிசைக்கு வந்த துறவி குளிர் காய்வதற்காக, வறுமையுற்ற வீரன் ஒருவன் தன்னிடம் எஞ்சிய பிளம், செர்ரி, பைன் ஆகிய மூன்று தொட்டி மரங்களையும் வெட்டி எரிக்கிறான். அவன் காத்துவந்த செல்வம் அவை.

மரத்தைப் பட்டினி போட்டுக் குறுக்குகிறார்கள் என்றொரு கருத்து நம்மிடையே உலவுகிறது. அது பொருந்தாது. சிக்கோக்குத் தீவில் தக்கமாட்சு நகரைச் சார்ந்த கினாஷி, கொக்குபுஞ்சி என்னும் இடங்களில் சுமார் 200 ஆண்டுகளாகப் பைன் கன்றுகளை வயலிலேயே பயிரிட்டு வருகின்றனர். அடிமரம் பருக்க வேண்டுமாயின் கன்று முதலிற் செழித்தாக வேண்டும். தண்டு இளகியிருக்கும் பருவத்திலேயே கம்பி சுற்றி வளைவு கொடுப்பர். பட்டையில் பதியுமுன் கம்பியை அகற்றிவிடுதல் வேண்டும்; தவறினால் அத்தழும்பு நெடுங்காலம் மறையாது. தொட்டிக்கு மாற்றிய பின்னர், சில ஆண்டுகளுக்கு ஒரு முறை இளவேனிலில் மரத்தைப் பெயர்த்து, வேரைக் கத்தரித்துப் புது மண் இடுவர்.

கறுப்புப் பைனுக்கு ஒரு தனி உத்தி உண்டு. மெழுகுவர்த்தி போல் எழும் இளவேனிற் குருத்துக்களைக் கோடையின் தொடக்கத்தில் அடியோடு வெட்டிவிடுவர். மரம் மறுபடியும் துளிர்க்கும். ஆயின் குளிர் வருமுன் எஞ்சிய நாட்கள் சிலவே ஆதலால், இரண்டாந் துளிரின் ஊசியிலைகள் குறுகி நிற்கும். வலுவுள்ள மரமே இதனைத் தாங்கும். ஐந்தைந்து ஊசிகளாக இலைவிடும் வெண்பைனுக்கோ இம்முறை ஒவ்வாது.

இவ்வேலை ஒரு மனிதனின் ஆயுளில் முடிவதன்று. தந்தை கத்தரித்த கிளையை மகன் கத்தரிப்பான். அவனுக்குப் பின் யாரோ. ஆகவே பேணும் கைகள் சிதறினால் மரமும் அழியும். இருபதாம் நூற்றாண்டில் அத்தகைய ஆபத்து இரு முறை நேர்ந்தது.

1923 செப்டம்பர் முதல் நாள், பெரும் நிலநடுக்கமும் அதனைத் தொடர்ந்த தீயும் தோக்கியோவைச் சூறையாடின. அந்நகரின் தொட்டிமரத் தோட்டக்காரர் சிலர் நல்ல நீரும் காற்றும் மண்ணும் நாடி, வடக்கேயுள்ள ஓமியாவுக்குப் பெயர்ந்து 1925-இல் ஒரு கிராமம் அமைத்தனர். குடியேறுவோர் பத்து மரங்களேனும் வைத்திருத்தல் வேண்டும்; வாயிற்கதவு எவர்க்கும் திறந்திருத்தல் வேண்டும்; வேலி உயிர்வேலியாதல் வேண்டும்; மாடி கட்டலாகாது என விதி வகுத்துக்கொண்டனர். நாம் பெரிதும் விரும்புவது அக்கடைசி விதியையே. மாடியின் நிழல் அயலான் மரத்தின்மேல் விழுமல்லவா! தில்லியிலோ மும்பையிலோ அடுக்கு வீட்டின் பால்கனியில் துளசிக்கு வெயில் தேடும் நம்மவர்க்கு அதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

இரண்டாவது, 1945 ஆகஸ்டு 6. ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீழ்ந்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில் யமாகி குடும்பத்தாரின் தோட்டம் இருந்தது. அங்கே, 1625 முதல் பயிற்றப்பட்டதெனக் கொள்ளப்படும் வெண்பைன் ஒன்று உயர்ந்த மதிலின் மறைவில் நின்றது. வீட்டின் கண்ணாடிகள் நொறுங்கின. மரமும் குடும்பத்தாரும் பிழைத்தனர். அமெரிக்கா தன் இருநூறாம் ஆண்டு விழாவைக் கொண்டாடிய 1976-இல், ஜப்பான் அளித்த 53 தொட்டி மரங்களுள் ஒன்றாக அம்மரம் வாஷிங்டன் சென்றது. குண்டு வீசிய நாட்டுக்கே மாசாரு யமாகி அதனைக் கொடுத்தார். ஆயினும் அது கடந்துவந்த நாளைப் பற்றிய செய்தி மரத்துடன் செல்லவில்லை. 2001-இல் அவருடைய பேரர் இருவர் தாத்தாவின் மரத்தைக் காண வாஷிங்டனிலுள்ள தேசிய மரத்தோட்டத்துக்கு வந்தபோதுதான், கால் நூற்றாண்டாக அதற்கு நீர் வார்த்துவந்தவர்கள் அதனை அறிந்தனர்.