ஜப்பானின் வீட்டு நிலநடுக்கக் காப்பீடு

ஜப்பானின் வீட்டு நிலநடுக்கக் காப்பீடு என்பது நிலநடுக்கம், எரிமலை வெடிப்பு, இவற்றால் எழும் ஆழிப்பேரலை ஆகியவற்றால் குடியிருப்பு வீடுகளுக்கும் வீட்டுப் பொருட்களுக்கும் ஏற்படும் இழப்புக்கு ஈடு வழங்கும் திட்டம் ஆகும். 1966 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தனிச் சட்டத்தின் கீழ், அரசும் தனியார் காப்பீட்டு நிறுவனங்களும் இணைந்து இதனை நடத்துகின்றன. இடிந்த வீட்டை முழுமையாக மீண்டும் கட்டித் தருவது இதன் நோக்கம் அன்று. பாதிக்கப்பட்டோர் தம் வாழ்க்கையை மீண்டும் தொடங்குவதற்கு உதவுவதே இதன் நோக்கம் ஆகும்.

பின்னணி

1923 ஆம் ஆண்டு செப்டம்பர் 1 ஆம் நாள் நிகழ்ந்த பெரும் காந்தோ நிலநடுக்கத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நடுக்கத்தைத் தொடர்ந்து பரவிய தீயில் தோக்கியோ, யோக்ககாமா நகரங்களின் பெரும்பகுதி அழிந்தது. எனினும், நிலநடுக்கத்தால் விளையும் தீக்கு ஈடு இல்லை என்று தீக்காப்பீட்டு ஒப்பந்தங்களில் எழுதப்பட்டிருந்தது. மக்களின் எதிர்ப்பு வலுத்ததால், நிறுவனங்கள் அரசிடம் கடன் பெற்று, காப்புத்தொகையில் பத்தில் ஒரு பங்கு வரையிலான தொகையை ஆறுதல் தொகை என்ற பெயரில் வழங்கின.

தீ விபத்து அங்கொன்றும் இங்கொன்றுமாக நிகழ்வது. பலர் செலுத்தும் கட்டணத்தைக் கொண்டு சிலரது இழப்பை ஈடுசெய்ய இயலும். நிலநடுக்கமோ ஒரே நாளில் பல்லாயிரம் வீடுகளை அழிக்கக்கூடியது. அது எப்போது நிகழும் என்பதையும் கணிக்க இயலாது. இதனால் தனியார் நிறுவனங்கள் இந்த இடரைத் தாமே ஏற்கத் தயங்கின.

1964 ஆம் ஆண்டு சூன் 16 ஆம் நாள் நீகத்தா நகரைத் தாக்கிய நிலநடுக்கம் நிலைமையை மாற்றியது. மணற்பாங்கான நிலம் சேறுபோல் இளகியதால் அடுக்குமாடிக் கட்டடங்கள் அப்படியே சாய்ந்தன. அப்போது நிதி அமைச்சராக இருந்த தனக்கா ககுவேய் நீகத்தா மாகாணத்தைச் சேர்ந்தவர். அவரது முயற்சியால் தொடங்கிய ஆய்வின் பயனாக 1966 இல் சட்டம் நிறைவேறியது.

செயற்படும் முறை

இக்காப்பீட்டைத் தனியாக வாங்க இயலாது; வீட்டுத் தீக்காப்பீட்டுடன் இணைத்தே பெறவேண்டும். காப்புத்தொகை, தீக்காப்பீட்டுத் தொகையில் 30% முதல் 50% வரை மட்டுமே இருக்கலாம். இதன் உச்சவரம்பு கட்டடத்துக்கு 5 கோடி யென், பொருட்களுக்கு 1 கோடி யென் ஆகும். 1966 இல் இவ்வரம்புகள் முறையே 9 இலட்சம், 6 இலட்சம் யென்னாக இருந்தன. முழு இழப்புக்கு மட்டுமே ஈடு கிடைத்தது.

2017 முதல் இழப்பு நான்கு நிலைகளாகப் பிரிக்கப்படுகிறது. முழு இழப்புக்குக் காப்புத்தொகையில் 100%, பெரிய அரை இழப்புக்கு 60%, சிறிய அரை இழப்புக்கு 30%, பகுதி இழப்புக்கு 5% வழங்கப்படும். நிலைகள் சிலவாக இருப்பதால், ஒவ்வொரு விரிசலையும் கணக்கிடாமல் விரைவில் பணம் வழங்க முடிகிறது. ஊர்திகள், பணம், 3 இலட்சம் யென்னுக்கு மேல் மதிப்புள்ள அணிகலன்கள் முதலியவற்றுக்கு ஈடு இல்லை.

கட்டணத்தில் இலாபம் சேர்க்கப்படுவதில்லை. அது மாகாணத்துக்கும் கட்டட அமைப்புக்கும் ஏற்ப மாறுபடும். 1981 சூன் மாதத்துக்குப் பின் கட்டப்பட்ட வீடுகளுக்கு 10% தள்ளுபடியும், உயர்ந்த தாங்குதிறன் கொண்ட வீடுகளுக்கு 50% வரை தள்ளுபடியும் உண்டு.

அரசின் பங்கு

நிறுவனங்கள் ஏற்கும் இடர், ஜப்பான் நிலநடுக்க மறுகாப்பீட்டு நிறுவனம் வழியாக அரசுடன் பகிரப்படுகிறது. இழப்பு பெருகப் பெருக அரசின் பங்கும் கூடும். ஒரு நிலநடுக்கத்துக்கு வழங்கத்தக்க மொத்தத் தொகை 2021 இல் 12 இலட்சம் கோடி யென் என வரையறுக்கப்பட்டது. உரிமைகோரல்கள் இதனைத் தாண்டினால் ஒவ்வொருவரின் ஈடும் அதே விகிதத்தில் குறைக்கப்படலாம்.

பயனும் குறைகளும்

1995 ஆம் ஆண்டு கோபே நகரைத் தாக்கிய நிலநடுக்கத்தின்போது அப்பகுதியில் மிகச் சிலரே இக்காப்பீட்டைப் பெற்றிருந்தனர். எனவே, பேரழிவு நேர்ந்தும் வழங்கப்பட்ட ஈடு ஏறத்தாழ 7,830 கோடி யென் மட்டுமே. அதன் பின்னர் விழிப்புணர்வு வளர்ந்தது. 1996 இல் உச்சவரம்புகள் இன்றைய அளவுக்கு உயர்த்தப்பட்டன. 2011 ஆம் ஆண்டின் கிழக்கு ஜப்பான் பேரிடரின் பின் 1.2 இலட்சம் கோடி யென்னுக்கும் மேல் வழங்கப்பட்டது. அப்போது ஆழிப்பேரலை அடித்துச் சென்ற பகுதிகளை வான்வழிப் படங்கள், செயற்கைக்கோள் படங்கள் மூலம் கண்டறிந்து, வீடு வீடாகப் பார்வையிடாமலே அங்கு முழு இழப்பு எனத் தீர்மானித்தனர்.

2023 ஆம் நிதியாண்டில் புதிதாக எடுக்கப்பட்ட வீட்டுத் தீக்காப்பீடுகளில் ஏறத்தாழ 70% உடன் இக்காப்பீடு இணைக்கப்பட்டிருந்தது. ஆயினும், முழு இழப்பு நேர்ந்தாலும் தீக்காப்பீட்டுத் தொகையில் பாதிக்கு மேல் கிடைக்காது என்பதால், வீட்டுக்கடன் நிலுவை உள்ளவர்கள் இடிந்த வீட்டின் கடனையும் புதிய வீட்டின் செலவையும் ஒருசேரச் சுமக்க நேரிடலாம். புயல், பெருமழை வெள்ளம் ஆகியவை இக்காப்பீட்டில் அடங்கா; அவற்றுக்குத் தீக்காப்பீட்டின் வழியாகவே ஈடு பெறவேண்டும்.