இந்தூரின் எருக்குழி

பருத்திமார் லேசில் மக்காது. காய்ந்து கட்டையாகிவிட்டால் அடுப்பெரிக்கத்தான் ஆகும். 1920-களில் இந்தூர் பயிராய்வு நிலையத்தில் இதற்கு எளிய வழி ஒன்றைக் கையாண்டார்கள். மாரை அள்ளிப் பண்ணைப் பாதையில் பரப்பிவிடுவார்கள். மாட்டு வண்டிகள் போகவர, சக்கரம் ஏறி ஏறி அது நொறுங்கிவிடும். அதன் பிறகே எருக்குழிக்குப் போகும்.

ஹோல்கர் சமஸ்தானம் தந்த நிலத்தில் 1924-இல் தொடங்கிய இந்த நிலையத்துக்குத் தலைவர் ஆல்பர்ட் ஹோவர்ட். 1905-இலேயே பீகாரின் பூசாவுக்குத் தாவரவியலாளராக வந்த ஆங்கிலேயர். குப்பையைக் குழியில் கொட்டி எருவாக்குவது நம் விவசாயிகளுக்குப் பழகிய வேலைதான். ஹோவர்டும் உடன் உழைத்த யஷ்வந்த் வாட்-உம் அதற்கு ஒரு கணக்கு வகுத்தார்கள். தழை, மார், சருகு ஒரு அடுக்கு, அதன்மேல் சாணம், மாட்டுக் கொட்டகையின் மூத்திர மண், சாம்பல், பிறகு தண்ணீர். ஆழம் மூன்றடிதான், அதற்கு மேல் போனால் காற்று இறங்காது. மூன்று முறை புரட்டிப் போட்டால் 90 நாளில் எரு தயார். 1931-இல் இருவரும் எழுதிய நூல் வழியே ‘இந்தூர் முறை’ உலகெங்கும் பரவியது.

வயலுக்கு வகுத்த முறை சீக்கிரமே ஊருக்குள்ளும் நுழைந்தது. 1934-இல் ஜாக்சன் என்பவரும் வாட்-உம் ஊர்க்குப்பையையும் மலக்கழிவையும் அதே முறையில் எருவாக்குவது பற்றி எழுதினார்கள். 1939 வாக்கில் பெங்களூரில் சி. என். ஆச்சார்யா, புரட்டும் வேலையே இல்லாமல் குழியை மூடிவைத்து மக்கவிடும் முறையை உருவாக்கினார்.

அன்றைய ஊர்க்குப்பை அதற்குத் தோதாக இருந்தது. சாம்பல், சருகு, காய்கறித் தோல், சாணம் தவிர அதில் பெரிதாக எதுவும் கிடையாது. பாட்டில், தகரம், காகிதம் எல்லாம் பழைய சாமான்காரரிடம் போய்விடும். தரம் பிரிக்கும் வேலை வீட்டு வாசலிலேயே பேரம் பேசி முடிந்துவிட்டது.

1970-களில் மத்திய அரசின் உதவியோடு சில நகரங்களில் இயந்திர உரத் தொழிற்சாலைகள் எழுந்தன. கலந்து வந்த குப்பையை அப்படியே அரைத்தார்கள். செலவு கூடியது; எருவில் கண்ணாடிச் சில்லும் பிளாஸ்டிக்கும் வந்தன. வெறுங்காலோடு வயலில் இறங்கும் விவசாயி அதை எப்படி வாங்குவார்? பெரும்பாலானவை மூடப்பட்டன.

அல்மித்ரா படேல் 1996-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கைத் தொடர்ந்து, 2000-இல் நகரக் குப்பைக்கான விதிகள் வந்தன. மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயகரமான வீட்டுக் கழிவு என வீட்டிலேயே மூன்றாகப் பிரிப்பதை 2016 விதிகள் கட்டாயமாக்கின.

அந்தச் சமயத்தில் இந்தூரும் மற்ற ஊர்களைப் போலத் தன் தேவ்குராடியா பகுதியில் குப்பைமேட்டை வளர்த்துக்கொண்டுதான் இருந்தது. மாநகராட்சி முதலில் தெருமுனைத் தொட்டிகளை எடுத்தது. தடுப்புகள் வைத்த வண்டிகள் பாட்டுப் போட்டபடி வீடு வீடாக வந்தன. கலந்து கொட்டியவர்களுக்கு அபராதம் விழுந்தது. பின்னாளில் பிளாஸ்டிக், மின்னணுக் கழிவு, நாப்கின் என வண்டியின் அறைகள் ஆறாகப் பெருகின. 2017 முதல் 2023 வரை நாட்டின் தூய்மைக் கணக்கெடுப்பில் ஏழு முறையும் இந்தூருக்கே முதலிடம். கடைசி முறை சூரத்தோடு பகிர்ந்துகொண்டது.

2022 பிப்ரவரியில் தேவ்குராடியாவிலேயே நாளொன்றுக்கு 550 டன் ஈரக்குப்பையைச் செரிக்கும் எரிவாயு ஆலை திறக்கப்பட்டது. அந்த வாயுவில் மாநகரப் பேருந்துகள் ஓடுகின்றன. வாயு எடுத்தபின் மிஞ்சுவது எருவாகிறது.