மூன்று வினாக்கள்: எலும்பு மச்சை மாற்றின் வரலாற்றில் ஓர் ஏடு

கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929-இல் தொடங்கியபொழுது, இன்று தலசீமியா எனப்படும் பரம்பரைக் குருதிநோயைத் தாமஸ் கூலி என்னும் அமெரிக்க மருத்துவர் விவரித்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. சோகை பிடித்த பிள்ளை என்பதற்குமேல் அக்காலப் பெற்றோர்க்குச் சொல்ல ஏதுமில்லை.

பின்னர்க் குருதி ஏற்றும் முறை வந்தது. அது உயிரைக் காத்தது. உடன் ஒரு பகையையும் கொணர்ந்தது. ஒரு பை குருதியில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு உண்டு. நாளொன்றுக்கு உடல் கழிப்பதோ ஒன்றிரண்டு மில்லிகிராமே. எஞ்சியது கல்லீரலிலும் இதயத்திலும் தங்கும்.

1981-இல் சியாட்டில் நகரில் டொனால் தாமஸ் குழுவினர், தலசீமியாக் குழந்தைக்கு உடன்பிறந்தாரின் எலும்பு மச்சையை ஏற்றி வெற்றி கண்டனர். ஆயினும் ஒரே மருத்துவம் ஒரு பிள்ளையைப் பிழைப்பிப்பதும் மற்றொன்றை மாய்ப்பதும் ஏன்? இத்தாலியின் பெசாரோ நகரத்து லுக்காரெல்லி இதற்கு விடை தேடினார். கல்லீரல் வீங்கியுள்ளதா? அதனுள் நார்த்தழும்பு உண்டா? இரும்பை வெளியேற்றும் மருந்து முறையாகக் கொடுக்கப்பட்டதா? இவையே அவர் கேட்டவை. 1990-இல் அவர் குழு வெளியிட்ட கணக்கின்படி, கேடு ஏதும் இல்லாத பிள்ளைகளுள் நூற்றுக்கு 94 பேரும், இடைநிலையினருள் 80 பேரும், கேடு மிக்காருள் 61 பேருமே உயிர் பிழைப்பர். மாற்றுக்குமுன் பழைய மச்சையை அழிக்கக் கொடுக்கும் கடுமருந்தைப் புண்பட்ட கல்லீரல் தாங்காது என்க.

மூன்றாம் வினாவே என் நெஞ்சை உறுத்துவது. அது உடலைப் பற்றியதன்று, வீட்டைப் பற்றியது. அந்நாளில் அம்மருந்தைச் சிறு பொறி வழியாகத் தோலின்கீழ், வாரத்தில் ஐந்தாறு இரவுகள், எட்டு மணிநேரத்திற்கு மேலும் செலுத்தவேண்டும். விடியலில் கொழுந்து கிள்ளப் போகவேண்டிய தாய்க்கு இஃது எளிதோ? மருத்துவர் குறிக்கும் 'முறையின்மை' பல வேளை வறுமையின் மறுபெயரே.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மம்மன் சாண்டி தலைமையில் 1986-இல் மாற்று தொடங்கியது. (கோலாலம்பூர்ப் பல்கலைக்கழக மருத்துவமனை 1987-இல் தொடங்கிற்று.) வேலூருக்கு வந்த பிள்ளைகள் பலர் காலங்கடந்து வந்தவர்கள், ஆதலின் பெசாரோவின் மூன்றாம் வகுப்பிலேயே பெரும்பாலோர் அடங்கினர். அவ்வகுப்பையே பிரித்துப் பார்த்தனர் வேலூரார். ஏழு வயது நிரம்பி, கல்லீரல் ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் வீங்கியவர்க்கே இடர் மிகுதி என 2007-இல் எழுதினர். அவர்களுக்கெனக் கல்லீரலை அத்துணை வருத்தாத டிரியோசல்பான் என்னும் மருந்தைப் பின்னர்க் கையாண்டனர். கல்லீரல் நுண்நாளங்கள் அடைபடும் கேடும் குறைந்தது.