நார்ச்சிக்கல் இல்லாத மூளை: 1911ஆம் ஆண்டுத் திசுச்சான்று ஒன்றின் மறுவாசிப்பு

எமில் கிரெபெலின் தமது பாடநூலின் எட்டாம் பதிப்பில் ஒரு நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டியது 1910இல். மறு ஆண்டே அலோய்ஸ் அல்சைமர், தம் பெயர் தாங்கிய நோயின் எல்லைகளைத் தாமே சோதித்துப் பார்க்கும் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அதன் மையத்தில் இருப்பவர் யோஹான் எஃப். என்ற 56 வயதுக் கூலித்தொழிலாளி. மியூனிக் மனநல மருத்துவமனையில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இருந்து, நினைவும் பேச்சும் கைப்பழக்கமும் ஒவ்வொன்றாக நீங்க, இறந்தவர். அவரது மூளைப் புறணியில் பிளேக்குகள் எனப்படும் அமிலாய்டுப் படிவுகள் ஏராளமாக இருந்தன. நார்ச்சிக்கல் ஒன்றுகூட இல்லை. பிற்காலத்தில் அதே திசுச்சீவல்கள் மியூனிக்கில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டு, 1997இல் மறுஆய்வு முடிவுகள் வெளியாயின. அதன்பின் இந்த நோயாளியை, ‘பிளேக் மட்டுமே’ காணப்படும் அல்சைமர் வகைக்கு மூலச்சான்றாகக் கொள்ளும் ஆய்வு மரபு ஒன்று வேரூன்றிவிட்டது. அந்த வாசிப்பைச் சான்றுகள் தாங்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். ‘பிளேக் மட்டுமே’ என்ற முடிவை, தேடல் பாதியில் நின்றுவிட்டதற்கான குறிப்பாகவே கொள்ள வேண்டும்.

மரபான வாசிப்பை மறுக்க எளிய வழி ஒன்று உண்டு. நார்ச்சிக்கல் இருந்தது, அல்சைமர்தான் பார்க்கத் தவறிவிட்டார் என்று சொல்லிவிடலாம். இதை நான் ஏற்கவில்லை. நார்ச்சிக்கலை உலகுக்குக் காட்டியவரே அவர்தான். பீல்ஷோவ்ஸ்கியின் வெள்ளிச் சாயமேற்றிய சீவலில் அது கண்ணுக்குத் தப்பக்கூடிய பொருளும் அன்று. கூம்பு வடிவ நரம்பணுவின் உள்ளே கரிய இழைகள் தடித்து, ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு, தீச்சுடர்போல் மேல்நோக்கிக் குவிந்திருக்கும். நரம்பணு மடிந்து, உட்கருவும் அணுவுடலும் மறைந்தபின்னும், அந்த இழைக்கட்டு மட்டும் செல் இருந்த இடத்தில் அப்படியே கிடக்கும். 1907இல் வெளியான தமது முதல் அறிக்கையில், அகுஸ்டே டி. என்ற பெண்ணின் மூளைப் புறணியில் நரம்பணுக்களில் கால்பங்கிலிருந்து மூன்றிலொரு பங்குவரை இவ்வாறு மாறியிருந்ததாக அல்சைமர் எழுதினார். அந்தப் பெண் இறந்தது 55 வயதில். ஏறக்குறைய ஒரே வயது, அதே நுண்ணோக்கியர், அதே சாயமுறை. ஒரு மூளையில் மூன்றிலொரு பங்குவரை, மற்றொன்றில் பூஜ்யம். இந்த வேறுபாட்டைக் கவனக்குறைவால் விளக்க முடியாது. மரபான வாசிப்பும் இதையே சொல்கிறது. இதுவரை எங்களுக்குள் கருத்து வேறுபாடில்லை.

வேறுபாடு அடுத்த படியில் தொடங்குகிறது. ‘காணவில்லை’ என்ற திசுக்குறிப்பு எதைப் பற்றியது? வெட்டிய இடம், ஏற்றிய சாயம் ஆகிய இரண்டையும் சேர்த்துத்தான் அதற்குப் பொருள். நரம்பு நோய்க்குறியியலில் இது புதிய பாடமன்று. 1903இல் அடெல்கி நெக்ரி, ரேபிஸால் இறந்த விலங்குகளின் நரம்பணுக்களுக்குள் உருண்டைகளைக் கண்டார். பல பத்தாண்டுகள் அவையே அந்நோயின் திசு அடையாளமாக இருந்தன. ஹிப்போகாம்பஸிலும் சிறுமூளையின் பர்கின்யே செல்களிலும் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும் என்பதும், ரேபிஸ் உறுதியான மூளைகளிலும் கணிசமானவற்றில் அவை கிடைப்பதேயில்லை என்பதும் அத்துறையினர் அறிந்தவையே. 1958இல் ஒளிரும் எதிர்ப்புப் பொருள் முறை வந்தபோது, நெக்ரி உருண்டை இல்லாத மூளைகளிலும் கிருமி இருப்பது தெரிந்தது. அதைக் கண்டு ‘நெக்ரி உருண்டை இல்லாத ரேபிஸ்’ என்று தனிநோய் ஒன்றை யாரும் உருவாக்கவில்லை. பழைய சாயத்தின் போதாமை என்றே கொண்டார்கள். யோஹான் எஃப். விஷயத்தில் இதற்கு நேர்மாறாக நடந்திருக்கிறது. ஒரு சாயம் ஒன்றைக் காட்டவில்லை என்ற தகவல், புதிய நோய்வகையின் இலக்கணமாக உயர்ந்துவிட்டது.

நார்ச்சிக்கலைப் பொறுத்தவரை வெட்டிய இடம் மட்டும் இப்புதிரை அவிழ்க்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஹைகோ, எவா பிராக் இணையர் 1991இல் வகுத்த படிநிலைகளின்படி, நார்ச்சிக்கல் என்டோரைனல் பகுதியில் தொடங்கி, ஹிப்போகாம்பஸ் வழியாக, இறுதியில் புறணி முழுவதும் பரவுகிறது. என்டோரைனல் பகுதியில் சில இருந்து, அல்சைமரின் சீவல்கள் அவற்றைத் தொடாமல் போயிருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானாலும், ஐம்பதுகளிலேயே பேச்சும் செயல்திறனும் குலைந்த ஒருவரின் புறணி, அது அல்சைமர் நோயாகவே இருந்திருந்தால், சிக்கல்களால் நிறைந்திருக்க வேண்டும். பொதுவாக இந்தப் புள்ளியைத்தான் ‘பிளேக் மட்டுமே’ வகையின் தனித்துவத்துக்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். எனக்கு இது எதிர்த்திசையில் செல்லும் சான்றாகவே தோன்றுகிறது. மறதிநோயின் கடுமைக்கும் நார்ச்சிக்கலின் பரவலுக்கும் உள்ள தொடர்பு, பிளேக்கின் எண்ணிக்கையோடு உள்ளதைவிட நெருக்கமானது. நினைவு தெளிவாக இருந்து இறந்த முதியோர் பலரின் மூளைகளிலும் பிளேக்குகள் உண்டு. இந்நிலையில், சிக்கல் அறவே இல்லாத ஒரு மூளையில் இத்தனை கடுமையான இழப்பைப் பிளேக்குகள் மட்டுமே விளைவித்தன என்று சொல்ல மிகுந்த துணிவு வேண்டும். அல்சைமருக்கு அந்தத் துணிவு இருக்கவில்லை. அதே 1911ஆம் ஆண்டுக் கட்டுரையில், பிளேக்கை முதுமை மறதிநோயின் காரணமாக அன்றி, அதனோடு உடன்வரும் மாற்றமாகவே அவர் கருதினார். மூலநூலை மேற்கோள் காட்டும் மரபு இந்தப் பகுதியை ஏன் இவ்வளவு விரைவாகக் கடந்துபோகிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

இந்த வகை எப்படி நிலைபெற்றது என்பதை, அது உருவான காலத்தின் கண்டறி விதிகளைக் கொண்டு பார்க்கலாம். 1985இல் முன்வைக்கப்பட்ட விதிகள் வயதுக்கேற்பப் பிளேக்கை எண்ணுவதையே அடிப்படையாகக் கொண்டன. 1991இன் செராட் விதிகளும் நரம்பிழை கலந்த பிளேக்கின் அடர்த்தியையே முதன்மையாக அளந்தன. இவ்விரு அளவுகோல்களின்படியும் யோஹான் எஃப். அல்சைமர் நோயாளியாகவே தேறுவார். சிக்கல் இல்லாமை ஒரு துணைக்குறிப்பாகச் சுருங்கிவிடும். 1997ஆம் ஆண்டு விதிகள் பிளேக்கையும் சிக்கலையும் சேர்த்து எடைபோடத் தொடங்கின. 2012இன் ஏ-பி-சி முறையிலோ நிலைமை முற்றிலும் வேறு. அமிலாய்டு பரவலிலும் பிளேக் அடர்த்தியிலும் ஒரு மூளை உச்ச மதிப்பெண் பெற்றாலும், நார்ச்சிக்கல் மதிப்பெண் பூஜ்யமாகவோ ஒன்றாகவோ இருந்தால், அல்சைமர் மாற்றம் ‘குறைவு’ என்றே பதிவாகும். மறதிநோய்க்குப் போதிய விளக்கமாக ஏற்கப்படுவது ‘நடுத்தரம்’, ‘மிகுதி’ ஆகிய நிலைகள் மட்டுமே. இன்று ஒரு நரம்பு நோய்க்குறியியலரின் மேசைக்கு இந்த மூளை வந்தால், வேறு காரணத்தைத் தேடுக என்று எழுதாமல் அவர் அறிக்கையை முடிக்க இயலாது. நூற்றாண்டுக்கு முந்தைய மூளை என்பதற்காக அந்தக் கடமை தளர்ந்துவிடாது.

தேட வேண்டிய வேறு காரணம் எது? உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் ஒன்று ஏனையவற்றைவிட முன்னால் நிற்கிறது. அல்சைமரின் மியூனிக் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஃபிரிட்ஸ் லூயி, 1912இல் பார்க்கின்சன் நோயாளிகளின் மூளைகளில் நரம்பணுவுக்குள் அமைந்த உருண்டைகளை விவரித்தார். மூளைத்தண்டில் அவற்றைக் காண்பது எளிது: அடர்ந்த செந்நிற நடு, சுற்றிலும் வெளிறிய வளையம். புறணியிலோ அவை வேறு முகம் காட்டுகின்றன. ஆழ்ந்த அடுக்குகளின் சிறிய நரம்பணுக்களில், வளையமின்றி, மங்கிய இளஞ்சிவப்புத் திட்டாக, உட்கருவை ஓரத்துக்குத் தள்ளியபடி இருக்கும். பழக்கப்பட்ட கண்ணும் எளிதில் கடந்துவிடும். பிளேக்கையும் சிக்கலையும் கரும்பளிச்செனக் காட்டும் பீல்ஷோவ்ஸ்கி முறை இவற்றைப் பொதுவாக எடுத்துக்காட்டுவதில்லை. புறணியில் இவை பரவிய மறதிநோயைக் கொசாகா 1976இல் ஜப்பானிலிருந்து எழுதியபின்னரே அது லூயி நோய் என்ற தனிநோயாகத் துலங்கத் தொடங்கியது. 1990களின் தொடக்கத்தில், ‘பிளேக் மட்டுமே’ என்று வகைப்படுத்தப்பட்ட மூளைகளை மீண்டும் ஆராய்ந்தபோது, அவற்றில் பெரும்பாலானவற்றில் லூயி உருண்டைகள் தென்பட்டன. அவ்வுருண்டைகளின் முதன்மைப் புரதம் ஆல்ஃபா-சைனூக்ளின் என்று தெரியவந்தது 1997இல். யோஹான் எஃப்.-இன் மறுஆய்வு வெளியானதும் அதே ஆண்டில்தான். ஆகவே அந்த மறுஆய்வைச் செய்தவர்களைக் குறைகூற இடமில்லை. அவர்கள் கையில் அந்தக் கருவி இருக்கவில்லை. பிறகு வந்தவர்களிடம் இருந்தது.

நோயாளியின் குறிகள் லூயி நோயோடு பொருந்தவில்லையே என்பது கனமான மறுப்பு. பேச்சுக்குலைவும் செயற்குலைவும் அல்சைமர் நோயையே சுட்டுகின்றன என்பார்கள். ஆனால் பிளேக்கும் லூயி உருண்டையும் ஒரே மூளையில் சேர்ந்துவரும்போது, படுக்கையருகே தெரியும் குறிகள் அல்சைமர் நோயையே ஒத்திருப்பது வழக்கம். நினைவுத்தெளிவு நாளுக்கு நாள் ஏறி இறங்கியதா, இல்லாத உருவங்களைக் கண்டாரா என்று இன்றைய மருத்துவர் குறிப்பாகக் கேட்பதை, அந்தக் காலத்துப் பதிவேட்டில் தேடி, இல்லையென்று தீர்ப்பளிப்பது பொருந்தாது. மரபணுச் சான்றும் இங்கே உதவுவதில்லை. அபொலிப்போபுரதம் ஈ மரபணுவின் இரு பிரதிகளும் எப்சிலான்-3 வகை, அமிலாய்டு முன்புரத மரபணுவில் சோதித்த இடங்களில் பிறழ்வு இல்லை என்ற 1997ஆம் ஆண்டு முடிவு, எந்தப் பக்கத்துக்கும் எடை சேர்க்கவில்லை. பிற்கால அறிவை முற்காலத்தின்மேல் ஏற்றுகிறேன் என்ற குற்றச்சாட்டுக்கு நீண்ட பதில் தேவையில்லை. ‘பிளேக் மட்டுமே’ என்ற வகையும் பிற்காலத்தில் ஏற்றப்பட்டதே. பிராகில் இருந்த போட்டி ஆய்வுக்கூடத்தை முந்தவே கிரெபெலின் இந்நோய்க்கு அவசரமாகப் பெயரிட்டார் என்ற விவாதமும் இங்கு தொடர்பற்றது. பெயரிட்டவரின் நோக்கம் எதுவாயினும் திசுவில் இருப்பது மாறப்போவதில்லை.

செய்ய வேண்டிய சோதனை தெளிவாகவே இருக்கிறது. எஞ்சிய சீவல்களில், முடிந்தால் வெள்ளி ஏற்றப்படாதவற்றில், ஆல்ஃபா-சைனூக்ளினுக்கும் நார்ச்சிக்கலின் டௌ புரதத்துக்கும் எதிர்ப்புப் பொருள் கொண்டு தேட வேண்டும். நூறாண்டு பழைய திசுவில் புரதம் அடையாளம் காணத்தக்க நிலையில் இருக்குமா என்ற ஐயம் நியாயமானது. எனவே அதே காலத்தைச் சேர்ந்த, நோய் ஐயமறத் தெரிந்த வேறு சீவல்களில் முதலில் முறையைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அரிய சீவல்களைத் தொடலாகாது என்ற தடையை என்னால் ஏற்க இயலவில்லை. மரபணுவைப் படிப்பதற்காக அவற்றிலிருந்து திசு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கிறது. ஒப்பீட்டுச் சீவல்களில் சாயம் பிடித்து, யோஹான் எஃப்.-இன் சீவல்களில் பிடிக்காமல் போனால், லூயி நோய் என்ற என் ஊகம் பெரிதும் வலுவிழக்கும். அப்போதும் அவரை அல்சைமர் நோயாளியாகக் கொள்ள, நார்ச்சிக்கல் அறவே இல்லாத புறணியில் அவரது மறதிநோயை எது விளைவித்தது என்று மரபான வாசிப்பு விளக்கியாக வேண்டும்.