முகமும் பெருவிரல் ரேகையும்

1942 பிப்ரவரி 9ஆம் நாள் இரவு கிராஞ்சிக் கரையில் ஜப்பானியப் படை இறங்கிற்று. 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. வென்றவர்கள் சீன ஆடவரைத் திரட்டி விசாரித்தனர். தப்பியவர்க்குக் கிடைத்த சான்று ஒரு முத்திரையே. சிலர்க்கு அது தாளில் விழுந்தது, சிலர்க்குச் சட்டையில், சிலர்க்குக் கையின் தோலிலேயே. மை அழிந்தால் சான்றும் அழியும். சான்றையும் அதற்குரியவரையும் பிரிக்கவொண்ணாதபடி இணைப்பது எப்படி என்பதே அடையாள ஆவணங்களின் தீராச் சிக்கல்.

1948இல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஆங்கில அரசு அவசரநிலையை அறிவித்தது. கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியாளரைக் குடிமக்களிடமிருந்து பிரித்தறிய, அவ்வாண்டே காகித அடையாள அட்டை வந்தது. அதில் நிழற்படமும் பெருவிரல் ரேகையும் இடம்பெற்றன. கையெழுத்திட அறியாத தொழிலாளிக்கும் ரேகை உண்டல்லவா!

அதே அரசு தன் தாய்நாட்டில் 1939 முதல் 1952 வரை வழங்கிய பொது அட்டையிலோ படமும் இல்லை, ரேகையும் இல்லை; பெயரும் முகவரியும் கையொப்பமும் போதுமானவையாயிருந்தன. பிரிட்டனின் ஓட்டுநர் உரிமத்தில் படம் ஏறியதே 1998இல்தான். நிழற்படக் கலை இரு நாட்டிலும் ஒன்றே. அங்கே ஒருவர் சொல்லை நம்பினர். இங்கே முகத்தையும் விரலையும் கேட்டனர்.

1957ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், நெடுநாள் இங்கு வாழ்ந்த வந்தேறிகளுக்கும் குடிமக்களாகும் வழியைத் திறந்தது. விடுதலைக்குப்பின் 1966இல் மறுபதிவு நடந்தது. குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு அட்டையும் நிரந்தரவாசிகளுக்கு நீல அட்டையும் கிடைத்தன. ஒட்டிய படத்தை உரித்து வேறு படம் ஒட்டுவது காகித அட்டையில் எளிது. ஆகவே புதிய அட்டை பிளாஸ்டிக் உறைக்குள் அடைக்கப்பட்டது. 1991இல் உறையும் போதாதென்று, பாலிகார்பனேட் என்னும் உறுதியான பிளாஸ்டிக்கால் சிறிய அட்டை வந்தது. சாய்த்துப் பார்த்தால் மாறித் தோன்றும் லேசர் உருவம் அதன் காப்புகளுள் ஒன்று.

படத்திற்கும் விதிகள் உண்டு: வெண்பின்னணி, 35க்கு 45 மில்லிமீட்டர் அளவு, மூன்று மாதத்திற்குள் எடுத்ததாயிருத்தல். சமயத் தலைப்பாகைக்குத் தடையில்லை. முகம் தெளிவாகத் தெரிய வேண்டும். முகம் மாறுமாதலால் 30 வயதிலும், 2017 முதல் 55 வயதிலும் மறுபதிவு செய்ய வேண்டும்.

ஐயத்தில் பிறந்த அட்டை, குடியுரிமையைக் காட்டும் சான்றாக வளர்ந்தது. ஆயினும் 1948இன் பெருவிரல் ரேகை, இன்றும் அதன் பின்புறத்தில் நிலைத்திருக்கிறது.