மலையகக் கிறிஸ்தவமும் பொருளாசையும்

வாழ்வின் மையத்தில் இறைவனே இருக்க வேண்டும், பணம் அவ்விடத்தைப் பிடித்துவிடலாகாது என்னும் கிறிஸ்தவப் போதனை, இலங்கையின் நுவரெலியா, ஹட்டன் தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழரிடையே கொண்ட வடிவத்தை இத்தலைப்பு குறிக்கிறது. மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில், இறைவனையும் செல்வத்தையும் ஒருசேரத் தலைமையாகக் கொள்வது இயலாதென இயேசு கற்பிக்கும் பகுதியே இப்போதனைக்கு வேராகும்.

மலையகத்தில் இக்கேள்வி வழிபடுவோரின் ஆசையோடு நின்றுவிடாமல், திருச்சபை யாருடைய பணத்தில் நின்றது என்பதையும் தொடுகிறது. 1854இல் தொடங்கப்பட்ட ஆங்கிலிக்கத் தமிழ்க் கூலி மிஷனில், மிஷனரியின் செலவைச் சி.எம்.எஸ். என்னும் ஆங்கிலிக்க மிஷனரிச் சங்கம் ஏற்க, தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளான லயன்களுக்கு ஒவ்வொன்றாகச் சென்று செபம் நடத்திய குருப்பட்டம் பெறாத ஊழியர்களான உபதேசியார்களின் சம்பளம் பெரும்பாலும் தோட்டத் துரைமாரின் நன்கொடையிலிருந்தே வந்தது. துரை கொடுத்த பணத்தில் வாழ்ந்த ஊழியர், அதே துரையிடம் கூலியைப் பற்றியோ, தோட்டம் மாறும் தொழிலாளியின் கடன்தொகையை எழுதிக் கைமாற்றிய ‘துண்டு’ச் சீட்டைப் பற்றியோ நியாயம் கேட்பது எளிதாக இருந்திருக்க முடியாது. அத்துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே ஒழிக்கப்பட்டது.

இறைவனா பணமா என்னும் இச்சிக்கல் இன்று கூர்மையாகத் தெரியும் நாள் ஞாயிற்றுக்கிழமையாகும். ஓய்வுநாளில் பறிக்கும் கொழுந்துக்கு, வழக்கமான ‘பேர்’ என்னும் நாட்கூலிக் கணக்கில் சேராமல், நிறைக்கேற்பக் கொடுக்கப்படும் பணத்தைத் தோட்டத்தார் ‘கைக்காசு’ என்பர். ஆராதனை தொடங்கும் காலை வேளையில் கூடையைத் தலையில் மாட்டுவதா, கோயிலுக்குப் போவதா என்பதை ஒரு தாய் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. நாட்கூலி 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024இல் அடிப்படைக் கூலி 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்ட போதிலும், அரிசிக்கும் பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பிகளுக்குமாக மலையேறும் அவரைப் பொருளாசை கொண்டவர் என்பது நியாயமன்று. போதுமென்ற மனத்தைக் கூலி வாங்குபவருக்கு மட்டும் போதித்துக் கூலி கொடுப்பவருக்குப் போதிக்காத பிரசங்கம் நற்செய்தியைப் பாதியாக்கிவிடுகிறது.

பணத்தைத் துறப்பதையே ஊழியத்தின் நிபந்தனையாக்கிய மரபும் இலங்கையில் உண்டு. கேரளத்தில் பிறந்த போதகர் பவுல் 1920களில் கொழும்பில் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனின் ஊழியர்கள், சொத்தைத் துறந்து, சம்பளமின்றி, விசுவாச வீடுகளில் கூட்டாக வாழ்கின்றனர். இதற்கு நேர் எதிரானது, காணிக்கையும் வருமானத்தில் பத்திலொன்றாகிய தசமபாகமும் கொடுப்பவருக்கு நலமும் செல்வமும் பன்மடங்காகத் திரும்பும் எனக் கூறும் செழிப்பு உபதேசமாகும். அமெரிக்கப் போதகர் கென்னத் ஹேகின் முதலியோரால் பரவிய அதனை, 2008, 2009ஆம் ஆண்டுகளில் கானாவில் கூடிய, லொசான் இயக்கம் என்னும் உலகளாவிய நற்செய்தி இயக்கத்தின் ஆப்பிரிக்க இறையியலாளர் கடுமையாக மறுத்தனர். கடனில் வாழும் குடும்பத்திடம் இவ்வுபதேசம் இழைக்கும் கேடு பெரிது: வாக்களிக்கப்பட்ட செல்வம் வராதபோது, குறை கொடுத்தவரின் விசுவாசத்தின் மேலேயே சுமத்தப்படுகிறது.

இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் நிறுவிய சத்தியோதய நிலையம் வேறு வழியை எடுத்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமையற்றோராக்கப்பட்ட தோட்டத் தமிழரையும் அயற்கிராமச் சிங்களவரையும் ஒன்றுசேர்த்த அந்நிலையம், தோட்ட மக்களின் உரிமையையும் வாழ்க்கை நிலையையும் கிறிஸ்தவ விசுவாசத்துக்கு வெளியே நிற்கும் காரியங்களாகக் கருதாமல், அவற்றை அரசின் முன்னும் பொதுமக்களின் முன்னும் எழுப்பியது.