துரை பங்களாவில் ஓர் இரவு

ஹப்புத்தளைக்கு மேலே ஒரு பழைய துரை பங்களா இப்போது சொகுசு விடுதி. மகன் ஏற்பாடு செய்ததால் அங்கே ஓர் இரவு தங்கினேன். தேக்குப் பலகைத் தரை, கணப்படுப்பு, வெள்ளித் தேத்தண்ணிப் போச்சி. சுவர் நிறைய துரைமாரின் படங்கள், கீழே பெயரும் ஆண்டும். பின்னால் வெள்ளை உடுப்போடு நிற்கும் கோக்கிக்கும் அப்புவுக்கும் பெயரில்லை.

எங்கட அப்பா (வாப்பாவின் வாப்பா) தலையில் புடவைப் பொட்டணியோடு இப்படிப்பட்ட பங்களாக்களுக்கு ஏறியவர். "குசினி வாசலோட சரி மனே, முன் விறாந்தைய நான் கண்டதே இல்ல" என்பார்.

இங்கே வரும் பயணிகளுக்குப் பக்கத்திலுள்ள அடிஷாமின் கதையும் சொல்லப்படும். இங்கிலாந்துப் பிரதமர் ஜோன் ரசல் பிரபுவின் பேரன் தோமஸ் வில்லியர்ஸ். ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பனியின் தலைவராக உயர்ந்தவர். கென்டில் தான் பிறந்த ஊரின் பெயரையே வைத்து 1931இல் கட்டிமுடித்த கல்வீடு அது. இன்று கத்தோலிக்கத் துறவிகளின் மடம். நல்ல கதைதான். ஆனால் ரயில் ஹப்புத்தளையை எட்டியது 1893இல், பதுளையை எட்டியது 1924இல். அதற்கு முன் இந்த மலைக்குச் சாமான் எப்படி வந்தது?

தவலத்தில் வந்தது. பொதிமாடுகளை நிரையாக ஓட்டி, கீழ்நாட்டு உப்பையும் கருவாட்டையும் மேலே ஏற்றி, பாக்கைக் கீழே இறக்கிய தொழில். அதில் நம்மவர் கை பெரிது. கண்டி அரசின் போக்குவரத்துப் பிரிவான மடிகே பத்தவில் முஸ்லிம்கள் ஊழியம் செய்தார்கள். 1626இல் போர்த்துக்கேயர் கரையோரத்திலிருந்து விரட்டியபோது செனரத் மன்னன் இடம் கொடுத்தான் என்பதை நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம்.

மேடையில் அதிகம் கேட்காதது 1817. பிரித்தானியர் வெல்லஸ்ஸ முஸ்லிம்களைச் சிங்களத் தலைவர்களின் அதிகாரத்திலிருந்து பிரித்து, ஹாஜி மரிக்கார் என்பவரை முகாந்திரமாக்கினார்கள். ஊவாக் கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல. இந்த நியமனம் அவற்றில் ஒன்று. விசாரிக்கப் போன பதுளை அதிகாரி வில்சன் கொல்லப்பட்டார். ஹாஜியும் கிளர்ச்சிக்காரர் கையில் சிக்கி உயிரிழந்தார். கிளர்ச்சியை அடக்க வெள்ளையன் ஊர்களையும் வயல்களையும் எரித்தான். ஆட்சிக்குப் பக்கத்தில் நின்றவன் என்ற பெயர் ஒரு சமூகத்துக்கு எவ்வளவு விலையுள்ளது என்பதை ஊவா முஸ்லிம்கள் அன்றே கண்டார்கள். இதை எழுதத் தயங்குவோர் நம்மிலும் உண்டு. தயங்கி என்ன பயன்?

இரவுச் சாப்பாடு பரிமாறிய பொடியன் தோட்டத்துப் பிள்ளை. அவன் குடும்பம் கீழே லயத்தில், ஒற்றைக் காம்பராவில். என் ஊரைக் கேட்டான், பசாரில் எங்கள் கடை இருந்த இடத்தைச் சொன்னேன். "அந்தக் கடையா சார்? எங்க பாட்டி சொல்லும். பற்றுக்குத்தான் சாமான் எடுத்தாங்களாம், சம்பளத்தன்னைக்கு மொதலாளி பெரட்டுக்களத்துக்கே வந்துருவாராம்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன், ஆனால் சோறு இறங்கவில்லை.

குசினி வாசலில் நிறுத்தப்பட்ட அதே மனிதர்தான் லயத்து வாசலில் கொப்பியோடு நின்றவரும். முதலாவதை மட்டுமே எங்களுக்குச் சொல்லி வளர்த்தார்கள். பொல்லாதவர் அல்லர் அவர், நோன்புக் கஞ்சியை லயத்துக்கும் அனுப்புவார். இருந்தும் பற்று பற்றுதான்.

1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் பிறகு என்று ஆட்களைப் பங்கிட்டார்கள். ஊவாத் தோட்டங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக ரயிலேறினார்கள்.

அப்பாவின் கொப்பி எங்கட வீட்டு அலுமாரியில் இன்னும் இருக்கிறது. திரும்பி வந்த அன்று எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பக்கங்களில் சில பெயர்களுக்கு நேரே தொகை வெட்டப்படவில்லை. பக்கத்தில் அவர் கையெழுத்தில், பென்சிலால், 'இந்தியா' என்று மட்டும் இருக்கிறது.